கொல்லன் பட்டறையும் கோவென்ட்ரி எஞ்சினும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரைக் கடந்த சிறிது தொலைவில் இருக்கிறது அதியமான்கோட்டை. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் சாலையும் இங்குதான் வந்து சேர்கிறது. இரவும் பகலும் வண்டிகள் ஓயாத இந்தச் சந்திப்பில் நிற்பவர்க்குத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி உடனே நினைவுக்கு வருவதில்லை. தமிழ் படித்தவர்க்கோ வராமல் இருப்பதில்லை. நமக்கு அவனோடு ஒளவையும், ஒளவையோடு ஒரு கொல்லன் பட்டறையும் சேர்ந்தே நினைவுக்கு வருவதுண்டு.

புறநானூற்றின் 95ஆம் பாடல் பிறந்த சூழலை நாம் அறிவோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஒளவை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுடைய மனையில் வரிசையாக நின்றன. அவற்றைப் புகழ்வதுபோலத் தொடங்கிய ஒளவை, தம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தியதால் நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று முடித்தார். புகழ்வதுபோலப் பழித்ததும் பழிப்பதுபோலப் புகழ்ந்ததுமான அப்பாடலை இரண்டு ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழுலகம் சுவைத்து வருகிறது.

முற்றிலும் வேறொரு துறையில் நடக்கும் வழக்கு ஒன்றைப் படித்தபோது இப்பாடல் நம் மனத்தில் மீண்டும் எழுந்தது. பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்போரிடையே நெடுங்காலமாக நிகழும் வழக்கு அது. எழுபது ஆண்டு கடந்த ஒரு காரில் எது மூலம்? ஆலையில் பொருத்திய அதே எஞ்சின் இருந்தால்தான் அது மூலமா? எஞ்சின் இருந்தும் அதன் உள்ளுறுப்புகள் எல்லாம் மாறியிருந்தால் என்ன பெயர்? ஐரோப்பியச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட நமக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின்களுக்கு உடன்பிறப்பான எஞ்சின்கள் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஆலையின் கார்களில் ஓடின. ஆகவே இது நம் வரலாறும் ஆகிறது.

ஓர் எஞ்சின், பல உடல்கள்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1903இல் தொடங்கப்பெற்றது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், 1944இல், நொடித்துக் கிடந்த டிரையம்ஃப் நிறுவனத்தை அது விலைக்கு வாங்கியது. போர் முடிந்ததும் ஏற்றுமதிக்கென்று ஒரே ஒரு காரை வடிவமைத்தது. அதுதான் 1947இல் அறிவிக்கப்பட்ட வான்கார்டு. அதே வேளையில் ஹாரி ஃபெர்குசனின் உழவு டிராக்டரையும் கோவென்ட்ரியிலேயே செய்து தர ஒப்புக்கொண்டது. காருக்கும் டிராக்டருக்கும் பொதுவாக நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று உருவாயிற்று. 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஃபெர்குசன் டிராக்டர்கள் அவ்வாலையிலிருந்து வெளிவந்தன. தொடக்கத்தில் வந்தவற்றைத் தவிர்த்துப் பெட்ரோல் டிராக்டர்களில் இருந்தது இந்த எஞ்சின்தான்.

1953இல் டிரையம்ஃப் பெயரில் டி.ஆர்.2 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில் அவ்வாண்டு மே மாதம் நடந்த சோதனையில், அதற்கெனச் செம்மைப்படுத்திய ஒரு டி.ஆர்.2 மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது. அதன் முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது வான்கார்டின் எஞ்சின். டிராக்டர் எஞ்சினைப் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் என்று இன்றும் கேலி பேசுவோர் உண்டு. அது பாதி உண்மை. காரும் டிராக்டரும் ஒரே எஞ்சினைப் பகிர்ந்துகொண்டன. ஸ்போர்ட்ஸ் கார் அக்குடும்பத்தின் மூன்றாவது பிள்ளை.

இது எப்படி இயன்றது என்பதை விளங்கிக்கொள்ள அவ்வெஞ்சினின் உள்ளமைப்பைச் சற்றே பார்க்க வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன் ஏறியிறங்கும் துளை, வார்ப்பிரும்புப் பிளாக்கிலேயே குடையப்பட்டிருக்கும். தேய்ந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்ய வேண்டும். இந்த எஞ்சினில் அப்படியில்லை. நான்கு தனித்தனிக் குழல்கள் பிளாக்கினுள் செருகப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இவற்றை லைனர் என்பர். குளிர்விக்கும் தண்ணீர் குழலின் வெளிச்சுவரை நேரடியாகத் தொட்டு ஓடுவதால் இவற்றுக்கு வெட் லைனர் என்று பெயர். இரண்டு குழல்களுக்கு ஒன்றாக, 8 என்னும் இலக்கத்தின் வடிவில் வெட்டிய மெல்லிய உலோகக் கேஸ்கட் அடியில் இருக்கும். குழலின் மேல்விளிம்பு பிளாக்கின் தளத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உயர்ந்து நிற்க வேண்டும். உயரம் குறைந்தால் ஹெட் இறுக்கமாகப் பொருந்தாது, தண்ணீர் கசியும்.

இந்த அமைப்பினால் விளைந்ததைக் கணக்கிலேயே காணலாம். எல்லாவற்றிலும் பிஸ்டன் பயணம் 92 மில்லிமீட்டர். தொடக்கக் கால டிராக்டரில் குழலின் உள்விட்டம் 80 மில்லிமீட்டர். கொள்ளளவு 1850 சி.சி. வான்கார்டிலும் பிந்திய டிராக்டரிலும் 85 மில்லிமீட்டர், 2088 சி.சி. டி.ஆர்.2இல் இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் அடங்குவதற்காக 83 மில்லிமீட்டராகக் குறைத்தனர், 1991 சி.சி. 1961இல் வந்த டி.ஆர்.4இல் 86 மில்லிமீட்டர், 2138 சி.சி. வான்கார்டில் ஒற்றைக் கார்புரேட்டருடன் 68 குதிரைத்திறன் தந்த எஞ்சின், டி.ஆர்.2இல் இரட்டைக் கார்புரேட்டரும் உயர்ந்த அழுத்தமும் பெற்று 90 குதிரைத்திறன் தந்தது. உழவுக்கும் ஊர்வலத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரே பிளாக் போதுமானதாயிற்று.

எண் சொல்வதும் சொல்லாததும்

பழைய கார் வாங்குவோர் முதலில் தேடுவது எஞ்சின் எண்ணைத்தான். டி.ஆர்.2 எனில் பிளாக்கில் பொறித்த எண் டி.எஸ். என்னும் எழுத்துகளில் தொடங்கும். பிரித்தானிய மோட்டார் தொழில் மரபு அறக்கட்டளை பழைய ஆலைப் பதிவேடுகளைக் காத்து வருகிறது. கட்டணம் செலுத்தினால் எந்தக் காரில் எந்த எண்ணுடைய எஞ்சின் பொருத்தப்பட்டது என்று சான்றிதழ் தருகிறது. இரண்டும் ஒத்திருந்தால் விலை உயரும். ஒவ்வாவிட்டால் விற்பவரின் முகம் வாடும்.

இங்கேதான் சிக்கல். எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். பிஸ்டன், லைனர், பேரிங், வால்வு ஆகிய அனைத்தும் தேய்ந்து மாறுவதற்கென்றே செய்யப்பட்டவை. டி.ஆர்.2இன் 83 மில்லிமீட்டர் லைனர்களைக் கழற்றிவிட்டு 86 அல்லது 87 மில்லிமீட்டர் லைனர்களைப் பலர் செருகுகின்றனர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது. எண் பொருந்தும், எஞ்சின் மட்டும் வேறாகியிருக்கும். மாறாக, பிளாக் வெடித்துப்போனதால் அதே ஆண்டைச் சேர்ந்த இன்னொரு பிளாக்கைப் பெற்று, 83 மில்லிமீட்டர் லைனர்களையே தேடிப்பிடித்துப் பூட்டியவரின் கார், ஆலை வடிவத்துக்கு மிக நெருக்கமானது. ஆயினும் சந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு. இந்த நிலை, பழைய எண்ணைத் தேய்த்தழித்துப் புதிய எண்ணைப் பொறிக்கும் பொய்ம்மைக்கும் வழி திறந்தது.

வண்டலூரில் பிறந்தவை

இனி நம் பக்கம் வருவோம். 1948இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் முதலில் வான்கார்டு கார்களை உறுப்புகளாக இறக்கி இங்கே பூட்டியது. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை இந்திய அரசு ஏற்றது. இந்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டம் இல்லாத அயல்நாட்டு நிறுவனங்கள் அதன்பின் வெளியேறின. உள்நாட்டில் செய்ய முன்வந்தவற்றுள் சென்னை நிறுவனமும் ஒன்று.

1961இல் இங்கிருந்து வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்தபோது அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு. பெயர் மாறியதற்குப் பின்னால் ஒரு சொல்லின் கதை உண்டு. 1903இல் ஸ்டாண்டர்டு என்ற ஆங்கிலச் சொல் உயர்ந்த அளவுகோலைக் குறித்தது. 1950களின் இறுதியில் டீலக்ஸ் என்பதற்கு எதிர்ச்சொல்லாகி, சாதாரணமானது என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது. இங்கிலாந்தில் அப்பெயரைக் கைவிட்டனர். சென்னையில் அது மதிப்போடு வாழ்ந்தது. நாற்றம் என்ற சொல்லின் வீழ்ச்சியை வகுப்பில் விளக்கும் நமக்கு இது புதிதன்று.

ஹெரால்டின் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினின் எந்தப் பக்கத்தையும் நின்றபடி தொடலாம். அதன் 948 சி.சி. எஞ்சின், 1953இன் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சி.சி. அளவில் தொடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் 1147 சி.சி. எஞ்சினை, ஹெரால்டின் சேசிசைக் குறுக்கி அதன்மேல் அமைத்து 1962இல் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். அது 1296, 1493 சி.சி. என்று வளர்ந்து 1980 வரை உற்பத்தியில் இருந்தது. சென்னை ஹெரால்டு 948 சி.சி.யிலேயே நின்றது. பெட்ரோலுக்கும் அந்நியச் செலாவணிக்கும் அஞ்சிய நாட்டில் அது போதும் என்று கருதப்பட்டது. அம்பாசிடரும் ஃபியட்டும் ஆண்ட சாலைகளில் மூன்றாவதாக ஓடியது இந்தக் கார். சோழவரம் விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின.

அதைவிட முக்கியமானது பின்னர் நிகழ்ந்தது. 1968இல் சென்னை ஆலை நான்கு கதவுகளுடைய ஹெரால்டை வெளியிட்டது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு ஒருபோதும் செய்யப்படவில்லை. 1972இல் வந்த கேஸல் என்னும் காரில், நம் சாலைகளில் தொல்லை தந்த பின்சக்கர அமைப்பையே நீக்கிவிட்டு ஒரே துண்டான அச்சைப் பொருத்தினர். இவற்றுக்குக் கோவென்ட்ரியில் மூலப்படி இல்லை. வண்டலூரே மூலம்.

1985இல் ஒரு விந்தையான கடைசி அதிகாரமும் எழுதப்பட்டது. ரோவர் நிறுவனத்தின் புகழ்பெற்ற பெரிய காரின் உடலை வாங்கி ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் சென்னை ஆலை விற்றது. 1976இல் இங்கிலாந்தில் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த உடல் அது. சென்னையிலோ அதற்குள் வைக்கப்பட்டது வான்கார்டின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். டிராக்டருக்கும் டி.ஆர்.2க்கும் உடன்பிறப்பான அதே குருதி. புதிய தோற்றத்தின் விலை கொடுத்தவர் பழைய எஞ்சினின் ஓட்டத்தைப் பெற்றார். 1988இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றது. கேலிக்குரிய முடிவு என்று பலர் எழுதியுள்ளனர். நாற்பது ஆண்டு ஓர் எஞ்சினின் மரபு நம் மண்ணில் அறுபடாமல் இருந்ததற்கு அதுவே சான்று என்றும் சொல்லலாம்.

திருத்தம் என்னும் பெயரில்

இன்று ஹெரால்டுகளைத் தேடிப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் பெருகியிருக்கின்றனர். மகிழத்தக்கது. ஆனால் அவர்களுள் சிலர் செய்யும் ஒன்று வருத்தம் தருகிறது. முன்மூடியிலிருந்த ஸ்டாண்டர்டு என்னும் பெயர்ப்பட்டையைப் பெயர்த்துவிட்டு டிரையம்ஃப் என்று பதிக்கின்றனர். 948 சி.சி. எஞ்சினை இறக்கிவிட்டு, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஸ்பிட்ஃபயரின் எஞ்சினை ஏற்றுகின்றனர். இந்திய ஆலைகள் வார்த்த உறுப்புகளைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, கடல் கடந்து வந்த உறுப்புகளைப் பூட்டுகின்றனர். பிறகு அதைப் பார்த்து, இப்போதுதான் ஒரிஜினல் ஆயிற்று என்கின்றனர்.

மூலத்தை மீட்பதாக நினைத்து மூலத்தை அழிக்கும் செயல் இது. அந்தக் காரின் வரலாறு கோவென்ட்ரியில் தொடங்கினாலும் அங்கே முடியவில்லை. உறுப்பு இறக்குமதிக்கு உரிமம் வேண்டியிருந்த காலத்தில், புதுப்பேட்டைக் கடைகளில் பொருந்துவதைத் தேடியும், கிடைக்காததை உள்ளூர் லேத்தில் கடைந்தும் அதை ஓட வைத்த கைகள் பல. ஒரு கார்புரேட்டரின் மாற்றுத் திருகிலும் ஒரு வேறு அளவுப் புஷ்ஷிலும் அக்காலத்தின் பற்றாக்குறையும் அறிவுக்கூர்மையும் ஒருசேரப் பதிந்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி எறிபவர், கிழிந்த ஏடு என்று சுவடியை ஆற்றில் விடுபவரிலிருந்து எவ்வளவு வேறுபட்டவர்?

நீதிமன்றமும் சாசனமும்

மூலம் எது என்னும் கேள்வி 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றத்துக்கே சென்றது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வென்ற ஒரு பென்ட்லி கார், ஓல்டு நம்பர் ஒன் என்று பெயர் பெற்றது. பின்னர் அதன் சேசிசும் எஞ்சினும் உடலும் படிப்படியாக மாறின. ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்பந்தம் செய்த நிறுவனம், இது உண்மையான கார் அன்று என்று மறுத்தது. வழக்கை விசாரித்த நீதிபதி ஓட்டன் இரண்டு கருத்துகளைப் பிரித்தார். பந்தயத்தை வென்றபோது இருந்த மூல வடிவில் இக்கார் இல்லை. ஆயினும் அதன் வரலாற்றில் இடையறவு நேரவில்லை. எந்த இடத்திலும் அது கலைந்து மறைந்து வேறொன்றாக மீண்டும் பிறக்கவில்லை. ஆகவே ஓல்டு நம்பர் ஒன் என்ற பெயருக்கு அதுவே உரியது. விற்றவர் வென்றார்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் டியூரின் சாசனத்தை ஏற்றது. நினைவுச் சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது அது. புதுப்பிப்பதைவிடப் பேணுவதே சிறந்தது. மாற்றிய உறுப்புகளைக் கண்ணை உறுத்தாத, ஆனால் அழியாத குறியால் அடையாளப்படுத்த வேண்டும். செய்த வேலை அனைத்தையும் ஆவணப்படுத்த வேண்டும் என்பன அதன் சாரம்.

இந்திய அரசும் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவில் பேணப்படும் வாகனங்களுக்கு வி.ஏ. என்னும் எழுத்துகளுடன் தனிப்பதிவு கிடைக்கும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். 1961 முதல் 1971 வரை வந்த ஹெரால்டுகள் எல்லாம் இன்று இவ்வயதைக் கடந்தவை. விதியின் நோக்கம் நன்று. ஆனால் இரண்டு இடங்களில் நமக்குத் தயக்கம் உண்டு. பிழைத்திருப்பதற்காக எஞ்சின் மாற்றிக்கொண்ட ஏழைக் காருக்கும், பெருமைக்காக எஞ்சின் மாற்றிக்கொண்ட செல்வக் காருக்கும் விதியின் சொற்களில் வேறுபாடு இல்லை. அடுத்து, இப்பதிவு பெற்ற வாகனத்தைக் கண்காட்சிக்கும் ஆய்வுக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும், எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. தொண்டைமானின் கொட்டில் இங்கே சட்டமாகிறது.

அடிக்குறிப்பு என்னும் அறம்

இதற்கு வழி என்ன என்று எண்ணும்போது, மோட்டார் துறையைவிடப் பதிப்புத் துறையே நமக்குத் துணை வருகிறது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் கையில் புலவர்கள் எழுதிய மூல ஏடு ஒன்றுகூட இல்லை. இருந்தவை படியின் படியின் படிகள். ஓலை முந்நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. எழுதப்பட்ட பொருள் முற்றாக மாறி, மாறி, மாறி வந்தும் பாடல் தொடர்ந்தது. ஏட்டுக்கு ஏடு இருந்த வேறுபாடுகளை மறைக்காமல் பாடபேதமாகக் காட்டினார் ஐயர். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. புதிதாக எழுதிச் சேர்க்கும் புலமை அவருக்கு இல்லாமலா போயிற்று? அந்த எண்கள் வெற்றிடமாகவே நிற்கின்றன. அவ்வெற்றிடம்தான் மற்றப் பாடல்களின் உண்மைக்குப் பிணை.

பழைய காரைக் காப்பவர்க்கும் இதுவே நெறியாகலாம். லைனரை மாற்றுங்கள், 83 இருந்த இடத்தில் 86 போட்டால் அதை எழுதி வையுங்கள். பிளாக் போயிற்றென்றால் வேறு பிளாக் வையுங்கள். பழைய எண்ணைப் புதியதில் பொறிக்காதீர்கள். புதுப்பேட்டையின் உறுப்பைக் கழற்ற நேர்ந்தால் ஒரு சீட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். கிடைக்காத பெயர்ப்பட்டைக்குப் பதிலாக வேறொரு பெருமையைப் பதிக்காமல் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு காருக்கும் ஒரு பாடபேதப் புத்தகம் இருக்கட்டும். எண்ணைவிட அது நெடுநாள் பேசும்.

அதியமான்கோட்டையின் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. சில இடங்களில் வண்ணம் மங்கியிருக்கிறது. சில இடங்களில் உதிர்ந்தே போயிருக்கிறது. உதிர்ந்த இடத்தில் இன்றைய வண்ணத்தால் புதிதாக வரைந்தால் கூரை முழுமையாகத் தோன்றும். ஓவியம் இல்லாமற் போகும். அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த வெற்றிடங்களும் வரலாறே.

ஒளவையின் பாடலை மீண்டும் நினைக்கிறோம். கொல்லனின் கொட்டிலில் கிடந்த வேல்களுக்குப் புதிய நுனி அடிக்கப்பட்டிருக்கும். முறிந்த காம்புக்கு வேறு காம்பு செருகப்பட்டிருக்கும். இதுதான் பழைய வேலா என்று ஒளவை கேட்கவில்லை. அது எங்கே சென்று வந்தது என்பதே அவர்க்குப் போதுமானதாக இருந்தது. தொண்டைமானின் வேல்களைப் பற்றி அவரிடம் சொல்வதற்கு நெய்யும் மாலையும் மட்டுமே இருந்தன.